பதிலாள் வேறு, மாற்றாள் வேறு: தமிழ்ப் படிவங்களை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தில் தமிழ் மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளுக்காக அரசுப் படிவங்களையும் அறிவிப்புகளையும் தமிழில் ஆக்கித் தருகிற அலுவலர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்திலிருந்து இதை எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் என்று எங்கள் ஊர்கள் கோவை மாவட்டத்தை ஒட்டியே கிடக்கின்றன. தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் படிவங்களை வாசித்துச் சொல்வதும் நிரப்பிக் கொடுப்பதும் என் அன்றாட வேலையாகிவிட்டது. அந்த வேலையில் திரும்பத் திரும்பத் தட்டுப்படும் ஒரு குறையைப் பற்றித்தான் இந்த மடல். ஒருவர் இடத்தில் இன்னொருவர், ஒரு பொருளின் இடத்தில் இன்னொரு பொருள் என்று வரும்போதெல்லாம் நீங்கள் 'பதில்' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறீர்கள். சில இடங்களில் அதையும் செய்யாமல், மலையாளச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடுகிறீர்கள். இரண்டு வழியிலும் இங்கே ஏழைகளின் பணமும் உரிமையும் கைநழுவிப் போகின்றன.

தமிழில் படிவம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதே, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்ற 350ஏ பிரிவும், மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலரைப் பற்றிய 350பி பிரிவும் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம், அவர்கள் மொழியிலும் மறுமொழி பெறலாம் என்று இடம் வகுத்தது. அந்த ஏற்பாட்டைக் கையில் பிடித்து நடத்துகிறவர்கள் நீங்கள். உங்கள் மேசையில் ஒரு சொல் பிசகினால், அது இங்கே ஆயிரம் வீடுகளுக்குள் பிசகாகவே நுழைகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கண்ணெதிரே நடந்த ஒன்று. வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். வீட்டுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்திருந்தார். இணைக்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழே, தமிழ் எழுத்தில், 'ஆதாரத்தின் பகர்ப்பு' என்று இருந்தது. அவர் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்தார். கூடவே, ஆதார் இல்லாவிட்டால் அதற்குப் பகரமாக எதையாவது கொடுக்கலாம் போலிருக்கிறது என்று ரேஷன் அட்டையையும் கொண்டுவந்திருந்தார். "இரண்டும் கொடுத்துவிட்டேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள் வாத்தியாரே" என்றார். படிவம் கேட்டது இரண்டையும் அல்ல. மலையாளத்தில் ஆதாரம் என்றால் நிலப் பத்திரம். பகர்ப்பு என்றால் நகல். 'பத்திரத்தின் நகல்' என்று இரண்டே சொல்லில் எழுதியிருந்தால், அந்த அம்மாள் தகரப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போய் நகல் எடுத்திருப்பார். பஸ் ஏறி இறங்கிய அலைச்சல் மிஞ்சியதோடு, விண்ணப்பத்தின் கெடுவும் அதற்குள் தாண்டிவிட்டது.

இந்தக் குழப்பத்தில் அவர் மேல் தவறு எதுவும் இல்லை. எங்கள் பக்கம் பேச்சுத் தமிழில் 'பகரம்' உண்டு. சர்க்கரைக்குப் பகரம் வெல்லம் என்பார்கள். குமரி மாவட்டத்திலும் அப்படியே. அதனால் பகர்ப்பு என்ற சொல்லைக் கண்டதும் 'பதிலுக்குக் கொடுப்பது' என்று அவர் எடுத்துக்கொண்டது இயல்பு. மலையாளத்தில் பகரம், பகர்ப்பு, தொற்றுநோயைச் சொல்லும் பகர்ச்சவியாதி எல்லாம் ஒரே குடும்பம்: ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது. தமிழில் அந்தக் குடும்பத்தில் எல்லோரும் குடியிருக்கவில்லை. ஒரே எழுத்தொலி இரண்டு மொழிகளிலும் இருக்கிறது என்பதற்காகப் பொருளும் இரண்டிலும் ஒன்றே என்று நம்பிவிட வேண்டாம்.

இங்கே ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மலையாள வாடை வீசுகிறது என்று 'பகரம்' என்ற சொல்லையே அடித்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இஸ்லாமியத் தமிழில், குறிப்பாகச் சமய நூல்களின் மொழிபெயர்ப்புகளில், 'அதற்குப் பகரமாக' என்பது நெடுங்காலமாகப் புழங்கும் நல்ல தமிழ். நாம் தினமும் சொல்லும் 'பதில்' அரபு மொழியில் கிளம்பி உருதுவின் வழியாக வந்த சொல். மலையாளத்தில் அதுவே 'பதல்' என்ற ஒலிப்போடு நிற்கிறது. மலைப் பகுதிகளில் ஓராசிரியர் பள்ளிகளை இங்கே 'பதல் ஸ்கூல்' என்றுதான் சொல்லிவந்தார்கள். எந்தச் சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்ற விசாரணை எனக்கு வேண்டாம். படிக்கிறவருக்கு எது எதன் இடத்தில் நிற்கிறது என்பது விளங்க வேண்டும். அவ்வளவுதான் என் வழக்கு.

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்கும்போது, சாதாரண மனிதருக்கு உடனே எழும் கேள்விகள் மூன்று. பழைய ஆள் திரும்பி வருவாரா? தவறு நேர்ந்தால் யார் தலையில் விழும்? இந்த மாற்றம் எல்லோருக்கும் தெரிந்து நடந்ததா? தமிழில் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் சொற்கள் தனித்தனியாக இருக்கின்றன. பதில், மாற்று, ஈடு, சார்பு, பொறுப்பு, பிரதிநிதி, முகவர், ஆள்மாறாட்டம், பினாமி என்று எதை எடுத்தாலும் அந்தச் சொல்லே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். இத்தனையும் கையில் இருக்க, எல்லாவற்றையும் 'பதில்' என்ற ஒரே பைக்குள் திணிப்பது ஏன்?

விளையாட்டிலிருந்து தொடங்கினால் எளிதில் விளங்கும். பாலக்காட்டுப் பக்கம் கால்பந்து தெரியாத பிள்ளை கிடையாது. உலகக் கால்பந்து விதிப்படி வெளியே எடுக்கப்பட்டவர் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப முடியாது. உள்ளே வந்தவர் முழு ஆட்டக்காரர். கோல் போடலாம், பெனால்டி உதைக்கலாம். இவரை மாற்று வீரர் என்கிறோம். கிரிக்கெட்டில் காயம்பட்டவருக்காகக் களத்தடுப்புக்கு வருகிறவர் பந்து வீச முடியாது, மட்டை பிடிக்க முடியாது. அடிபட்டவர் தேறியதும் உள்ளே வருவார், இவர் வெளியே போவார். இவர் பதில் ஆள். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வருகிறவர் மட்டை பிடிக்கவும் பந்து வீசவும் செய்யலாம் என்ற விதி 2019-இல் சர்வதேசக் கிரிக்கெட்டுக்கு வந்தது. அந்த இடத்தில் பதில் ஆள் மாற்று ஆளாகிவிட்டார். பேச்சு வழக்கில் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவிலுள்ள கோடு எப்போதும் நேராக ஓடாது என்பது எனக்குத் தெரியும். 'டீச்சருக்குப் பதிலா வேறு டீச்சர் வந்துவிட்டார்' என்று நிரந்தர மாறுதலையும் சொல்கிறோம். பேச்சில் சூழல் துணைக்கு நிற்கிறது. படிவத்துக்கு அந்தத் துணை இல்லை. அச்சிட்ட சொல் மட்டும்தான் பேசும். ஆகவே படிவத்துக்குள்ளாவது அந்தக் கோட்டை நேராக்கிக்கொள்ளலாம்: திரும்பி வருவதற்கு இடம் வைத்திருந்தால் பதிலாள், இடமே கைமாறிவிட்டால் மாற்றாள்.

சட்டம் இந்த வேறுபாட்டை எப்போதோ கண்டுகொண்டுவிட்டது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு முகவர் தன் வேலைக்குத் தனக்குக் கீழே இன்னொருவரை வைத்துக்கொண்டால், முறைப்படி வைக்கப்பட்ட அந்தத் துணை முகவர் செய்வதற்கெல்லாம் உரிமையாளரிடம் முதல் முகவரே பதில் சொல்ல வேண்டும். அதே முகவர், உரிமையாளரின் அனுமதியோடு, 'இந்த வேலையை இனி இவர் பார்ப்பார்' என்று இன்னொருவரைப் பெயர் குறித்து அமர்த்திவிட்டால், அவர் நேரடியாக உரிமையாளருக்கே முகவராகிறார். முதல் முகவருக்கு மிஞ்சுவது, ஆளைத் தேர்ந்தெடுத்ததில் நிதானம் காட்டினாரா என்ற பொறுப்பு மட்டுமே. இந்த இரண்டு பேரையும் 'பதில் முகவர்' என்று ஒரே பெயரில் எழுதினால், எழுத்தறிவுள்ள எனக்கே யார் தலையில் எது விழும் என்று தெரியாது.

எங்கள் ஊர்களில் ஒரு தலைமுறையே கோவைப் பக்கம் மில் வேலைக்குப் போய் வந்தது. அந்தக் குடும்பங்களில் 'பதிலி' என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். விடிகாலையில் மில் வாசலில் போய் நிற்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருக்கிறவர் வராவிட்டால் அன்று வேலை உண்டு. வந்துவிட்டால் சோற்றுத் தூக்கோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தின் 25சி பிரிவு இதற்கு விளக்கம் எழுதியது. பதிவேட்டில் பெயருள்ள இன்னொரு தொழிலாளியின் இடத்தில் வேலை செய்கிறவர் பதிலித் தொழிலாளி. ஆனால் ஓராண்டு தொடர்ந்து பணி செய்துவிட்டால் அதன்பின் அவரைப் பதிலி என்று கொள்ளக் கூடாது. வேலை இல்லை என்று மில் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நாட்களுக்குப் பாதிச் சம்பளம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது இந்தச் சொல்லில்தான் தொங்கியது. பதிலி என்றால் கிடையாது. ஓராண்டு முடித்துப் பதிலி என்ற பெயர் கழன்றுவிட்டால் உண்டு. அந்த மூத்த தொழிலாளர்கள் இன்று பழைய பணிக்காலத்தை நிரூபிக்க எதையாவது எழுதித் தர வேண்டும் என்று வருகிறார்கள். படிவத்தில் 'தற்காலிகம்' என்றும் 'நிரந்தரம்' என்றும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையின் பெயர் அந்த இரண்டிலும் இல்லை.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் வேறொரு சங்கடம். வேலை இருந்தால்தான் லயம் என்கிற தோட்டக் குடியிருப்பில் வீடு. ஓய்வு பெறும் தாயின் வேலைக்கு மகளோ மருமகளோ போய்ச் சேர்ந்தால் குடும்பம் அதே கூரையின் கீழ் இருக்கலாம். மருமகள் அங்கே தாயின் பதிலாளா? தாய் திரும்பி வரப்போவதில்லையே. வாரிசா? வேலை ஒன்றும் சொத்து இல்லையே. மாற்றாள் என்பதுதான் நடப்புக்குப் பொருந்தும் சொல். அதோடு, அவர் பணிக்காலம் அவர் சேர்ந்த நாளிலிருந்து தனியாகக் கணக்கிடப்படும் என்ற ஒரு வரியும் அதன் கீழே இருந்தால், பின்னால் பணிக்கொடை கணக்குப் பார்க்கும்போது சண்டை வராது.

அஞ்சல்துறையில் கிராம ஊழியர் விடுப்பில் போகும்போது தன் பொறுப்பிலேயே பதிலாள் வைத்துவிட்டுப் போகும் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. அந்தப் பதிலாள் மணியார்டர் பணத்தில் கை வைத்தால் விடுப்பில் இருப்பவரையும் பிடிப்பார்கள். பதிலாள் என்ற சொல்லை ஊரார் சரியாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

அடுத்து, என்னை மிகவும் வருத்துகிற ஒன்று. வங்கிக் கணக்கு, காப்பீடு, கூட்டுறவுச் சங்க வைப்புத்தொகை என்று எங்கு போனாலும் 'நாமினி' யார் என்று கேட்கிறார்கள். உங்கள் தமிழ்ப் படிவங்களில் இதை ஓரிடத்தில் 'பதில் உரிமையாளர்' என்றும், இன்னோரிடத்தில் 'வாரிசு' என்றும் கண்டிருக்கிறேன். இரண்டும் தவறு. தவறு என்று மென்மையாகச் சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. இது குடும்பங்களைப் பிரிக்கிற தவறு. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள அதிகாரம் பெற்றவர். அவர் கையில் கொடுத்துவிட்டால் வங்கியின் கடமை தீர்ந்தது. அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பது வாரிசுரிமைச் சட்டத்தின்படியோ உயில்படியோ நடக்கும். ஆயுள் காப்பீட்டைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1983-இல் சர்பதி தேவி வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. பிறகு 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக வைத்தால் அவர்களே பயனுக்கும் உரியவர்கள் என்று மாற்றினார்கள். வங்கி வைப்புத்தொகைக்கு அந்த மாற்றம் இல்லை. இவ்வளவு நுணுக்கம் அடங்கிய ஒரு கட்டத்தின் மேலே 'வாரிசு' என்று அச்சிட்டால் என்ன ஆகும்? மூத்த மகன் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறான். தங்கைகள் இருவரும் அண்ணன்தான் வாரிசு என்று காகிதமே சொல்கிறதே என்று வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு என்று எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. காப்பீட்டுத் துறையின் தமிழில் 'நியமனதாரர்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் போடுங்கள். அதன் கீழே, 'பணத்தைப் பெற்றுக்கொள்பவர்; வாரிசுகளின் உரிமை இதனால் குறையாது' என்று வங்கிப் படிவங்களில் மட்டுமாவது சேர்த்துவிடுங்கள்.

'வேண்டி' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். 'இயக்குநருக்கு வேண்டி' என்று கையெழுத்தின் மேலே போட்டு வருகிறது. மலையாளத்தில் அது இயக்குநரின் சார்பில் என்று பொருள்படும். தமிழில் வாசிக்கிறவர், இயக்குநருக்கு ஏதோ தேவைப்படுகிறது என்று நினைக்கிறார். 'இயக்குநருக்காக' போதும். ஒப்பமிட்டவர் வேறு, அதிகாரம் இன்னாருடையது என்பது அந்த ஒரு வேற்றுமை உருபிலேயே அடங்கிவிடும்.

கையெழுத்து என்றதும் இன்னொன்று. எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாக இடும் குறிக்குத் தமிழில் 'தற்குறி' என்று பெயர். தன்னுடைய குறி. ஆவணத்தில் நிற்கிற, சட்டம் ஏற்கிற, மரியாதையான ஒன்று. அந்தச் சொல்லைப் பிற்காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ஏசும் சொல்லாக்கிவிட்டோம். உங்கள் படிவங்களில் 'கையெழுத்து / விரல் ரேகை' என்று இரண்டையும் ஒரே அளவில், ஒரே வரியில் அச்சிடுங்கள். அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் 'படிக்காதவர்கள் ரேகை வைக்கவும்' என்று போடாதீர்கள். அந்த வரியை என் முன்னால் வாசிக்கக் கேட்டு முகம் வாடுகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலில் மையைத் தொட்டுக்கொண்டு, எங்கே வைக்க வேண்டும் என்று காட்டும்வரை அந்த விரலை மற்ற விரல்களுக்குள் மடித்து மறைத்துக்கொள்வார்கள்.

இனி மூன்றாவது கேள்வி: எல்லோருக்கும் தெரிந்து நடந்ததா? ஆள்மாறாட்டம் என்ற சொல் இரண்டு மொழிகளிலும் ஒன்றே. இதில் உங்களுக்குச் சிரமம் இல்லை. ஆனால் எச்சரிக்கையை எங்கே வைப்பது என்பதில் சிரமம் இருக்கிறது. இன்னொருவராகத் தன்னைக் காட்டிக்கொள்வது மட்டும் ஆள்மாறாட்டம் என்று மக்கள் நினைக்கிறார்கள். தெரிந்தே ஒருவரின் இடத்தில் இன்னொருவரை நிறுத்தி ஏமாற்றுவதும் அதில் அடங்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 416-ஆவது பிரிவிலும் அப்படித்தான் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆவது பிரிவிலும் அப்படித்தான் இருக்கிறது. தண்டனை ஐந்தாண்டு வரை போகலாம். நடக்க முடியாதவருக்காக இன்னொருவர் ரேஷன் வாங்கப் போவதற்கு முறையான பதிலாள் ஏற்பாடு உண்டு, அது குற்றமாகாது. ஆனால் படிவம் இரண்டையும் ஒரே பக்கத்தில், 'பதில் ஆள் வருவது தண்டனைக்குரியது' என்கிற மாதிரி ஒரு வரியில் முடித்துவிட்டால், அஞ்சி நடுங்குகிறவர்கள் உரிமையுள்ளவர்களே. அந்த வரியைப் படித்த பிறகு, படுக்கையில் கிடக்கும் மாமனாரை ஆட்டோவில் ஏற்றிக் கடைவாசல் வரை கொண்டுவந்த ஒரு மருமகளைப் பார்த்தேன். பதிவு செய்த பதிலாள் வரலாம் என்று முதலில் சொல்லுங்கள். ஆள்மாறாட்டம் குற்றம் என்று அடுத்த பத்தியில் சொல்லுங்கள்.

இப்படி வகைபிரித்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிது என்று யாராவது சொன்னால், இலக்கண வகுப்பை நினைவூட்டுங்கள். ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்தும் பொருள் மாறாமல் நின்றால் அதைப் போலி என்கிறோம். பந்தல் பந்தர் ஆனது கடைப்போலி. ஐந்து அஞ்சு ஆனது முற்றுப்போலி. முன்பின் மாறி நின்றால் இலக்கணப்போலி. எங்கள் வயலுக்குச் சித்தூர்ப் புழையிலிருந்து நீர் கொண்டுவருகிற வாய்க்காலும் கால்வாயும் அப்படிப்பட்டவைதான். ஒன்றன் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வந்தால் ஆகுபெயர். சபையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொன்னால் இடக்கரடக்கல். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்றால் மங்கலம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்க மாற்றிச் சொன்னால் குழூஉக்குறி. எது எதன் இடத்தில் வந்தது, ஏன் வந்தது, பொருள் மாறியதா, யாருக்கு மறைக்க வந்தது என்று இவ்வளவு துல்லியமாகக் கேட்டுப் பெயர் வைத்த மொழி இது. இலக்கணத்தில் குற்றமற்ற போலி, தெருவில் போலிச் சான்றிதழாகிவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் படிவத்தில் நகலுக்கோ பதிலுக்கோ ஒருபோதும் போடாதீர்கள்.

கோயிலில்கூட எங்கள் ஜனங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும். கடா வெட்ட வேண்டிய இடத்தில் பூசணிக்காயை அறுத்துக் குங்குமம் தடவுகிறார்கள். கேரளக் கோயில்களில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்நீரே குருதி. கண் நோய்க்குக் கண் வடிவக் கண்மலர், உடல் நோய்க்கு ஆள் வடிவ ஆள்ரூபம் என்று காணிக்கை வைக்கிறார்கள். குருவாயூரில் துலாபாரத் தட்டில் பிள்ளையை வைத்து மறுதட்டில் கதலிப்பழம் வைக்கும்போது, பிள்ளைக்கு மாற்று பழம் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். ஈடு என்பாள். எடைக்கு எடை வைத்தாலும் பிள்ளை பிள்ளைதான். பழம் அதன் அளவுக்கு நிற்கிறது, அதன் இடத்துக்கு வரவில்லை. புறாவுக்கு ஈடாகச் சிபி தன் தசையை அறுத்து வைத்ததும் அந்தச் சொல்லால்தான் சொல்லப்படுகிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெருமூச்சு விடும்போதும், ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று கிடைத்ததை ஏற்றுக்கொள்ளும்போதும், எது போனது, எது அதன் இடத்தில் வந்தது, அது எவ்வளவு குறைவு என்பது சொல்கிறவருக்குத் தெரிந்தே இருக்கிறது.

இழப்பீட்டு அறிவிப்புகளில் இது உயிரான வேறுபாடு. சாலைக்காகவோ வாய்க்காலுக்காகவோ நிலம் எடுக்கும்போது 'மாற்று நிலம்' என்பதும் 'நிலத்துக்கு ஈடு' என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் நிலத்துக்கு நிலம் கிடைக்கும். இரண்டாவதில் பணம் மட்டும் கிடைக்கலாம். 'பதில் ஏற்பாடு செய்யப்படும்' என்று எழுதினால் இரண்டில் எது என்று எங்களுக்குத் தெரியாது. முதலமடைப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் இப்படி ஓர் அறிவிப்பைக் கொண்டுவந்து, எனக்கு வேறு தோப்பு கொடுப்பார்களா வாத்தியாரே என்று கேட்டபோது, அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆம் என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. மலையாள மூலத்தை வரவழைத்துப் பார்த்த பிறகே அது பணம் என்று தெரிந்தது. அரசு ஒரு மனிதனிடமிருந்து மண்ணை எடுக்கும் தாளில் இந்த அளவு தெளிவின்மை இருக்கக் கூடாது.

எந்த மொழிபெயர்ப்பாளர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. மலையாள மூலம் முன்னால் கிடக்கிறது, நாளைக்குள் அச்சுக்குப் போக வேண்டும், தமிழ் தெரிந்தவர் அலுவலகத்தில் ஒருவரோ இருவரோ. அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. அதனால் செய்யக்கூடியதை மட்டும் கேட்கிறேன். நகலுக்கு நகல் என்றே எழுதுங்கள், பகர்ப்பு வேண்டாம். திரும்பி வருபவரின் இடத்தில் நிற்பவரைப் பதிலாள் என்றும், இடத்தையே ஏற்றுக்கொண்டவரை மாற்றாள் என்றும் எல்லாப் படிவங்களிலும் ஒரே மாதிரி வையுங்கள். ஓர் அதிகாரியின் வேலையைச் சில காலம் பார்ப்பவர் 'பொறுப்பு', அவர் பெயரால் கையெழுத்திடுபவர் 'சார்பில்'. மதிப்புக்கு மதிப்பு கொடுப்பது ஈடு. நாமினி நியமனதாரர். அச்சுக்குப் போகும் முன், தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியரிடமும், மலையாளம் வாசிக்கத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளியிடமும் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் பிழையைத் திருத்துவார். புரியாத இடத்தைத் தொழிலாளிதான் காட்டுவார். அவர் நின்று தயங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்றால், நியமனதாரர் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து ரேஷன் பதிலாள் படிவம். பிறகு நில எடுப்பு அறிவிப்புகள். இந்த மூன்றின் தமிழ் வரைவுகளையும் நானே எழுதித் தரத் தயாராக இருக்கிறேன். கூலி எதுவும் வேண்டாம். இந்த மடலுக்கு நீங்கள் எழுதும் மறுமொழி தமிழில் வரட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்